மோட்டாருக்குள் என் செருப்பு

எங்கள் முதலாளியின் மோட்டாருக்குள் என் செருப்பின் ஒரு துண்டு கொஞ்ச நாள் இருந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் துண்டு அங்கே இருந்ததாலும், பிறகு இல்லாமல் போனதாலும் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்ல. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. ஆவடியில் இன்றைக்கு இருக்கிற தொழிற்சாலையும் பட்டாளமும் அப்போது இல்லை. முள்ளுக்காடும் ஏரியும் ரயில் நிற்கிற இடமும்தான். பூந்தமல்லியில் ஓர் அரிசி மில் இருந்தது. மில் முதலாளிக்கு ஒரு மோட்டார். அதற்கு டிரைவர் என் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நைனா அதே மில்லில் பத்து வருஷம் நெல் வண்டி ஓட்டியவர். மாட்டிலிருந்து மோட்டாருக்கு வந்தது ஊரில் பெரிய பேச்சு. மில்லுக்குப் பின்புறம் ஓடு போட்ட ஓர் அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். டிரைவர் வேலை இருக்கிற வரைக்கும் அந்த அறை.

அந்தக் கோடையில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியை மில்லுக்குள் விடும்போது, நைனா வாசல் தூணில் மட்கார்டை உரசிவிட்டார். முதலாளி கையில் அரிக்கேன் விளக்கோடு வந்தார். குனிந்து கீறலின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“மாடு ஓட்டுன கை. போவட்டும்” என்றார். “இன்னொரு கீறல் வுழுந்துச்சின்னா நீ மாட்டுக்கே போயிடு. ஊட்டையும் காலி பண்ணிடு.”

அவர் கத்தவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அன்றைக்கு அம்மா சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள்.

அந்த வாரத்திலிருந்து நைனா சாயங்காலம் வண்டி எடுக்கும்போது என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். காலையில் ஏற்ற மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டணம் போகிறபோது நான் அழுது புரண்டாலும் ஏற்ற மாட்டார். ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் நான் கோலி விளையாடிக்கொண்டிருந்தால்கூட வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார். பட்டணத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவனை விட்டுவிட்டு, கோலியில் ஜெயித்துக்கொண்டிருக்கிறவனை ஏன் இழுத்துப் போக வேண்டும்? பெரியவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டியில் ஏறினால் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நைனா கண்டுபிடித்த விளையாட்டு. வழியில் எது வந்தாலும் முதலில் பார்த்தவர் சொல்ல வேண்டும். மாட்டு வண்டி, எருமை, சைக்கிள்காரர், பள்ளம், ரோட்டில் காயப்போட்ட கேழ்வரகு, எதுவானாலும் சரி. வலது பக்கமா இடது பக்கமா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது செல்லாது. பத்து தடவை முதலில் சொல்கிறவருக்கு ஒரு கமர்கட்டு.

நான் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காத பிள்ளை. வாத்தியார் பெயர் கூப்பிட்டால் நான் சொல்கிற ‘உள்ளேன் ஐயா’ பக்கத்துப் பையனுக்குக் கேட்டாலே அதிகம். ஆனால் அந்த முன்சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும். “இடது பக்கம் வண்டி! நைனா, நடுவுல நாய்!” என்று தொண்டை கிழியக் கத்துவேன். நைனா ஒரு தடவைகூட என்னை ஜெயித்ததில்லை.

“இன்னாடா இது, உனக்கு இன்னா கழுகுக் கண்ணா?” என்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள், “இன்னிக்கு யாரு ஜெயிச்சது?” நான் கமர்கட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு “நான்தான்” என்பேன். அவள் என்னைப் பார்க்காமல் நைனாவின் முகத்தைப் பார்ப்பாள். பையன் ஜெயித்ததற்கு ஒரு சிரிப்புக்கூட இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டணத்தில் ஒரு மோட்டார் கொட்டகையில் ஒயர் வேலை செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் ஆவடிக்கு வந்து, அங்கிருந்து நடந்து வருவார். ஒரு ஞாயிறு அவரும் நைனாவும் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு வெகுநேரம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு மாமா ஒரு கோணிப்பையில் இரண்டு பெரிய விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடைந்துபோன ஏதோ ஒரு லாரியில் கழற்றியவை. ஒவ்வொன்றும் என் தலை அளவு இருக்கும்.

முதலாளியைச் சம்மதிக்க வைத்தது மாமாவின் வாய்தான்.

“துரைங்க வண்டியில எல்லாம் இப்ப நாலு வெளக்குங்க. ரெண்டு வெளக்கோட ஒரு வண்டி போனா, வாடகை வண்டி போலன்னு பேசிக்கிறாங்க பட்டணத்துல.”

முதலாளி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். “என் வண்டியவா அப்டி சொன்னான்?” என்றார்.

“பேர் சொல்லலீங்க. பொதுவா பேசிக்கினாங்க.”

“இன்னிக்கே வெச்சிடு.”

மில்லின் பின்பக்கம், வேப்ப மரத்தடியில் வேலை நடந்தது. விளக்குகளை முன்னால் முடுக்குவது சுலபமாக முடிந்துவிட்டது. ஒயர் விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

“அதான் பழைய வெளக்குக்கு ஒயர் போவுதே, அதுலயே முடிச்சிப் போட்டு வுட்டுட்டா ஆவாதா?” என்றார் நைனா.

“மச்சான், ரெண்டு பேருக்கு வடிச்ச சோத்துல நாலு பேரு குந்தினா இன்னா ஆவும்? நாலும் அரை வயிறு. அதோட வுடாது. அந்த ஒயர் மெல்லிசு. சூடாவும், மேல சுத்தின துணி எரியும், அப்புறம் வண்டி எரியும். புது வெளக்குக்குப் புது ஒயர், தடியா, பாட்டரியிலேந்தே நேரா.”

அந்த வண்டியில் பாட்டரி முன்சீட்டின் கால்மிதிப் பலகைக்கு அடியில் இருந்தது. அதாவது, நான் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே. மாமா பலகையைத் தூக்கிவிட்டு, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மரக்கட்டையை முடுக்கினார். அதில் இரண்டு பித்தளைக் கவ்வி. அவற்றுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். அதற்குள் தலைமயிர் மாதிரி ஒரு கம்பி.

“இதான் பீஸு. எங்கனா ஒயர் கோளாறு ஆச்சின்னா மொதல்ல இது சாவும். இது செத்தா வண்டி பொழச்சிது. செத்துச்சின்னா, ஏன் செத்துச்சின்னு பாக்கணும். பாக்காம புதுசு போடக்கூடாது. வேற எதையும் இதுல வெக்கவே கூடாது. தெரிதா மச்சான்?”

“தெரிது, தெரிது” என்றார் நைனா. மாமா இன்னும் இரண்டு குழாய்களைக் கொடுத்தார். நைனா அவற்றைப் பொடி டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். “டேய் கழுகு, நீதானே இதும் மேல கால வெச்சினு வர்ற? புகை வந்துச்சின்னா யாரையும் கேக்காதே. பலகையத் தூக்கு, இதப் புடுங்கிப் போடு.” என்னை யாரும் அதுவரை ஒரு வேலைக்கு வைத்ததில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாட்டரியிலிருந்து வருகிற ஒயர் முன்னால் போக வேண்டுமானால், எங்கள் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நிற்கிற இரும்புத் தகட்டைத் தாண்ட வேண்டும். மாமா அதில் ஓர் ஓட்டை போட்டார். விரலை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. வண்டி குலுங்கக் குலுங்க அது ஒயரின் மேல்துணியை அறுத்துவிடும். அறுத்தால் கம்பி இரும்பைத் தொடும். ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். கொண்டுவந்திருந்த வளையம் சின்னதாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் வாங்குவது?

அப்போதுதான் மாமாவின் கண் என் செருப்பின் மேல் விழுந்தது.

அந்தச் செருப்பு முதலாளியின் மகனுக்குச் சின்னதாகிப்போய் எனக்கு வந்தது. நல்ல கெட்டித் தோல். எங்கள் தெருவில் எந்தப் பையன் காலிலும் செருப்பு கிடையாது. நான் போட்டுக்கொண்டு போனால் எல்லோரும் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, கையில் தூக்கிக்கொண்டே நடந்து, கடைசியில் எனக்கும் அது சின்னதாகிப்போனது. மாமா அதன் குதிகாலிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, ஒரு பக்கம் கீறிவிட்டு, மெழுகு தடவி அந்த ஓட்டையில் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

“இது சும்மா நாலு நாளைக்கு. ரப்பர் கெடச்சா மாத்திடறேன்” என்றார். எனக்கு மாற்ற வேண்டாம் என்று இருந்தது. முதலாளி வண்டிக்குள் என் செருப்பு! அதுவரை எனக்குச் சொந்தமான எதுவும் அவ்வளவு பெரிய இடத்தில் இருந்ததில்லை.

பட்டப்பகலில் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வண்டியை நெல் கிடங்குக்குத் தள்ளி, மூக்கை மட்டும் உள்ளே விட்டார்கள். கிடங்கு ஒரே இருட்டு. நைனாவும் நானும் உள்ளே போய் நின்றோம். இரண்டு எட்டு வைப்பதற்குள் நைனா ஒரு மூட்டை அடுக்கின் மேல் போய் மோதிக்கொண்டார். என் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அடுக்கு. “இன்னா நைனா!” என்று நான் சிரித்தேன். மாமா வெளியிலிருந்து விசையைத் தட்டினார். கிடங்கு முழுக்க மஞ்சளாக வெளிச்சம். நைனா மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசி மூலையில் ஓடிய ஓர் எலியைக் கை நீட்டிக் காட்டினார்.

“எலி! டேய், எலிடா!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். எலியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒரு மில்லுக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. விளையாட்டில் நைனா நடுநடுவே ஒன்றிரண்டு தடவை முந்திக்கொண்டார். நான் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. மில்லில் உள்ள எல்லா இரும்பையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். மோட்டாரைக் குளிப்பாட்டி, முகப்பில் மாலை போட்டு, நாலு விளக்குக்கும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாயிற்று. பார்த்தால் நாலு கண்ணும் நாலு பொட்டுமாக வண்டி யாரையோ முறைத்துக்கொண்டிருந்தது. மாமா அன்று வரவில்லை. பட்டணத்தில் அவர் கொட்டகையிலும் பூசை. முதலாளியம்மாவே கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார்கள். நல்ல மனசுக்காரர். என்னைக் கண்டால் பொரி அள்ளிப் போடுவார்கள். அன்றும் போட்டுவிட்டு,

“இன்னாடா கண்ணு, வாயே தொறக்க மாட்டியா நீ? உன் நைனா வண்டி ஜோரா கீதா?” என்றார்கள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன்.

“இந்த வண்டிக்குள்ள என் செருப்பு கீதுங்க!”

கற்பூரத் தட்டு அந்தரத்தில் நின்றது. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். முதலாளியம்மா நைனாவைப் பார்த்தார்கள்.

“செருப்பா? பூசை பண்ற வண்டியிலயா?”

“செருப்பு இல்லீங்கம்மா. செருப்புத் தோலுங்க. கொஞ்சூண்டு. ஒயருக்கு…”

“அத மொதல்ல எடுத்து வெளியப் போடுப்பா. சாமி கண்ணக் குத்திடும்.”

நைனா குனிந்து உள்ளே போய், அந்த வளையத்தைப் பிய்த்து எடுத்தார். கணக்குப்பிள்ளை அதை இரண்டு விரலில் வாங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார். ஓட்டையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது. நைனா என்னைத் திட்டவில்லை. ஒயரின் மேல் ஒரு கிழிசல் துணியைச் சுற்றிவிட்டு, “மாமன் வந்ததும் பாத்துக்கலாம்” என்றார். நான் மதிலைச் சுற்றிக்கொண்டு போய், முள்ளுக்குள் தேடி, அந்த வளையத்தை எடுத்து என் நிஜார் பையில் போட்டுக்கொண்டேன். அது என் செருப்பு. சாமிக்கு வேண்டாமென்றால் எனக்கு வேண்டும்.

மாமா அடுத்த ஞாயிறு வரவில்லை. ஜுரம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் புது விளக்குகள் திடீரென்று நின்றன. நைனா பலகையைத் தூக்கிப் பார்த்தார். பீஸ் செத்திருந்தது. ஏன் செத்தது என்று பார்க்க வேண்டும் என்று மாமா சொன்னது எனக்கே ஞாபகம் இருந்தது. நைனா பொடி டப்பாவைத் திறந்து புதுசு போட்டார். இரண்டு நாளில் அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்தது. அடுத்த நாள் முதலாளி வீட்டார் ஆவடிக்கு அப்பால் கோவில்பதாகையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

காலையில் நைனா அம்மாவிடம் வந்து, “உன் கொண்டை ஊசி ஒண்ணு குடு” என்றார்.

“எதுக்கு?”

“வெளக்குக்கு. அதும் கம்பிதானே.”

“என் தம்பி அப்டி வெக்கலாம்னு சொன்னானா?”

நைனா நீட்டிய கையை மடக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கொண்டையில் கை வைத்தபடியே நின்றாள். பிறகு உருவிக் கொடுத்தாள். சாதாரண விஷயத்துக்கு இவர்கள் ஏன் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கொண்டை ஊசிதானே.

கல்யாண வீட்டில் சாப்பாடு பலமாக இருந்தது. எல்லாம் முடிந்தும் முதலாளி புறப்படவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு பெண் வீட்டாரோடு ஏரிப் பாசனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம், மழை மூட்டம். நைனா வண்டிக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நடுநடுவே மேற்கே பார்ப்பார். இரண்டு தடவை முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “இருப்பா, இன்னா அவசரம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது வானம் கறுத்துவிட்டது. முதலாளியும் முதலாளியம்மாவும் பின்சீட்டில். நான் முன்னால். புது விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் ரோடு நன்றாகத் தெரிந்தது. ஆவடியைத் தாண்டி ஏரிக்கரைக்கு வந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நடுவில் இரண்டு வண்டி உரசாமல் போகிற அளவுக்குத்தான் ரோடு.

“இன்னா வாசனை அது? யாரனா துணிய எரிக்கறாங்களா?” என்றார்கள் பின்னாலிருந்து முதலாளியம்மா.

என் கால் சுட்டது. பலகை இடுக்கிலிருந்து புகை வந்தது. அதே நேரம் நாலு விளக்கும் மங்கிச் சிவந்து அணைந்தன. எஞ்சின் இருமி நின்றது. நைனா பிரேக்கை மிதித்த வேகத்தில் என் நெற்றி முன்னால் போய் இடித்தது. யாரையும் கேட்காதே என்று மாமா சொல்லியிருந்தார். பலகையைத் தூக்கினேன். உள்ளே கொண்டை ஊசி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. கையை வைக்க முடியவில்லை. நிஜார் பையிலிருந்த செருப்புத் துண்டை எடுத்து, அதை மடித்து ஊசியைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. தோல் கருகுகிற நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

நைனா கீழே இறங்கவில்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

“இன்னாப்பா ஆச்சி?” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்லீங்க. புது வெளக்கு போயிடுச்சிங்க. பழசு எரியும்.”

நான் இறங்கிப் போய், நைனா சொன்னபடி முன்னால் இருந்த கைப்பிடியைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. பழைய விளக்குகள் அழுக்கு மஞ்சளாக எரிந்தன. எனக்கு அந்த வெளிச்சம் போதும். கரை தெரிந்தது, தண்ணீர் தெரிந்தது, தூரத்தில் ஆடி ஆடி வருகிற ஒரு வண்டியும் தெரிந்தது. நைனா வண்டியை நகர்த்தவில்லை. என் பக்கம் குனிந்து, மிக மெதுவாகச் சொன்னார்:

“கண்ணு, வெளையாடலாமா?”

இந்த நேரத்தில் என்ன விளையாட்டு என்று தோன்றியது. ஆனாலும் கமர்கட்டு கமர்கட்டுதான். “இடது பக்கம் கரை, கிட்டக்க கீது!” என்று ஆரம்பித்தேன். வண்டி மாடு நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. “எதுருல வண்டி! நம்ம பக்கம் பள்ளம்! நைனா, வலது பக்கம் ஒரு ஆளு, தலையில புல்லுக்கட்டு!” நான் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் நைனாவின் கை அதற்குத் தகுந்தாற்போலத் திரும்பியது.

“பையன் ஏன் இப்டி கத்தினு வரான்?” என்றார் முதலாளி.

“அது ஒரு வெளையாட்டுங்க. மொதல்ல பாத்தவங்க சொல்லணும்” என்றார் நைனா. 

பின்னால் முதலாளியம்மா முதலாளியிடம் ஏதோ கிசுகிசுத்தது கேட்டது. பிறகு முதலாளியம்மா, “எனக்கும் தெரிது. அதோ, இடது பக்கம் பனைமரம், சாஞ்சாப்ல!” என்றார்கள்.

“பனைமரம் செல்லாதுங்க, ரோட்டுல இருக்கறதுதான்” என்றேன் நான்.

“அட, சட்டமெல்லாம் பேசறானே இவன்! வாய் இல்லாத புள்ளைன்னு நெனச்சினு இருந்தேன்.” சிரித்துவிட்டு, சீட்டின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு மட்டும் தனியாக இருக்க முடியுமா? “எருமை! நடுவுல எருமைடா! நான்தான் மொதல்ல!” என்று மில்லே அதிர்கிற குரலில் கத்தினார். இப்படியே ஏரிக்கரை முடிந்தது. மில் வாசல் தூணுக்குள் வண்டி நுழையும்போது நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் “தூணு!” என்றோம். கீறல் விழவில்லை.

இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம், நாலு உயிர், அத்தனைக்கும் சேர்த்து என் இரண்டு கண். நைனா அப்படிச் செய்திருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு அது உலகத்திலேயே நல்ல விளையாட்டு.

மாமா வந்து பார்த்தார். தகட்டு ஓட்டையில் ஒயர் எலி கடித்த மாதிரி அறுந்து, கம்பி தெரிந்தது. கருகிய கொண்டை ஊசியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மச்சான், பீஸு மூணு தடவ செத்து உனக்குச் சொல்லிச்சே” என்றார். பிறகு அவரே, “தோல வெச்சது என் தப்பு. ஒரு வாரம் பொறுத்து ரப்பரே வாங்கினு வந்திருக்கணும்” என்று சொல்லி, கெட்டி ரப்பர் வளையம் மாட்டி, புது ஒயர் இழுத்து, போகிற வழியெல்லாம் அது ஆடாமல் கவ்வி போட்டுக் கட்டினார். அடுத்த வருஷ பூசையில் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகு வண்டி எடுக்கச் சொல்வதைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவிட்டார். பெட்ரோல் வீணாகிறது என்றார். முதலாளியம்மா வாராவாரம் ஒரு தூக்கில் ஆட்டு ஈரலும், பட்டணத்திலிருந்து வரவழைத்த மீன் எண்ணெய் ஒரு புட்டியும் கொடுத்தனுப்பினார்கள். “பையன் ஒல்லியா கீறான், பையனுக்குக் குடு” என்றுதான் சொல்லியனுப்பினார்கள். நான் என் காதால் கேட்டேன். அம்மா ஈரலை வறுத்து நைனாவுக்கு வைத்தாள். எண்ணெயையும் நைனாதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். எண்ணெய் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. என் ஈரலைப் பெற்ற தகப்பனே எடுத்துச் சாப்பிடுகிறாரே என்று இருந்தது. முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு தடவை பேசியதில் பட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலப்பன்சாவடியில் ஓர் ஆளுக்குச் சேதி சொல்ல நைனாவும் நானும் மட்டும் போனோம். இருட்டிக்கொண்டு வந்தது. நைனா ஏனோ புது விளக்கைப் போடவில்லை. பழைய விளக்கின் வெளிச்சத்திலேயே ஓட்டினார். நான் வழக்கம்போல முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வலது பக்கம் எருமைக் கண்ணுக்குட்டி” என்றார் நைனா.

எனக்கு அது இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் போனதும் தெரிந்தது. கன்றுக்குட்டிதான். வலது பக்கம்தான்.

“இடது பக்கம் சைக்கிளு. வெளக்கு இல்லாம வரான் பாரு, கம்னாட்டி.” அதுவும் சரி. “நடுவுல கல்லு. அதோ, ஆலமரத்துக்கிட்ட ரெண்டு பொம்பளைங்க, ஒண்ணு இடுப்புல கொழந்த.” ஒன்றுவிடாமல் அவரே சொல்லிக்கொண்டு போனார். நான் வாயைத் திறப்பதற்குள் பத்து ஆகிவிட்டது. என் கண் மங்கிவிட்டதோ, அவர் ஏதாவது ஏமாற்று வேலை செய்கிறாரோ என்று தெரியாமல் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நைனா கடையில் நிறுத்தி, ஜெயித்தவருக்கான கமர்கட்டை வாங்கினார். அதை அவர் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். ஜெயித்தவர் சிரிக்க வேண்டும், சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தோளில் கிடந்த துண்டை எடுத்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

பையனை ஒரு தடவை ஜெயித்ததற்கு இவ்வளவா என்று எனக்குக் கோபமாக வந்தது. மில் வாசல் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.